தோலின் பதம்

ஸ்ரீபெரும்புதூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1996இல் அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். அந்த ஆண்டில்தான் ஹூண்டாய் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து, 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. அதே 1996, ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று.

காரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கார் இருக்கையின் தோலைப் பேச வேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது சொல். ‘பதனிடுதல்’ என்பதற்குள் ‘பதம்’ இருக்கிறது. பாகுக்கும் மாவுக்கும் சோற்றுக்கும் பெண்கள் விரலால் அறியும் அதே பதம். சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தோல்கள் சுண்ணாம்பில் ஊறி, ஆவாரம்பட்டைச் சாற்றில் கிடந்து, கடுக்காயில் முடிந்தவை. ஆவாரம்பூவை அரைத்து மேனிக்குப் பூசிய அதே ஊர், ஆவாரம்பட்டைக் குழியில் நின்ற உடல்களைத் தீட்டு என்று சேரிக்குத் தள்ளியது. தோலைத் தொட்டவர்களைத் தொடாத சமூகம், தோல் செருப்பைத் தயங்காமல் போட்டுக்கொண்டது.

பிறகு குரோமியம் வந்தது. 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அதைச் சோதித்துப் பார்த்தார். வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் சில நாட்களில் பதமானது. குரோம் லெதர் ஆலை இருந்த இடம் குரோம்பேட்டை என்றே ஆனது. ஒரு ரசாயனம் ஊர்ப்பெயராக நிலைத்தது. அதில் கை நனைத்தவர்களின் பெயரில் ஒரு தெருவாவது இருக்கிறதா என்று தேடுகிறேன்.

இனி ஒரகடம். அங்கே ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஆலைகளைச் சுற்றி வளர்ந்த சாலைகளில் கார்களைக் கழுவி மெருகேற்றும் கடைகள் இருக்கின்றன. தோல் இருக்கைக்கு அங்கே தனிக் கட்டணம். தூசியை உறிஞ்சி எடுத்து, மென்மையான சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, ஈரத்தை உடனே துடைக்கிறார்கள். கடைசியில் ‘கண்டிஷனர்’. “தோலுக்கு ஊட்டம்” என்கிறது விளம்பரம். இன்றைய கார்த் தோலில் பெரும்பகுதிக்கு மேல் நிறமும் பாலியூரிதேன் பூச்சும் உண்டு. நகப்பூச்சின் மேல் எண்ணெய் தடவினால் நகத்துக்கு என்ன போய்ச் சேரும்? அழுக்கும் பூச்சின் மேல்தான் நிற்கிறது. ஈரத்துணியும் மென்சோப்புமே பெரும்பாலும் போதும். பல கார்களில் அது தோலே இல்லை, பிளாஸ்டிக் பூசிய துணி. இறந்த மாட்டின் தோலுக்கும், ஒருபோதும் உயிர் இல்லாத பிளாஸ்டிக்குக்கும், பெண்ணின் முகத்துக்கு விற்கும் அதே சொற்களில் பசை விற்கிறார்கள்: ஈரப்பதம், இளமை, சுருக்கமின்மை.

முதலில் தேய்வது ஓட்டுநர் இருக்கையின் ஓரம். ஏறி இறங்கும் உடல் அங்கேதான் உரசுகிறது. அதைச் சீராக்க எண்ணெய்ப்பசை நீக்கி, உப்புத்தாளில் தேய்த்து, வெடிப்பில் பசை நிரப்பி, நிறம் தெளித்து, மேலே காப்புப் பூச்சு அடிக்கிறார்கள். சில பூச்சுகளில் கலக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. கதவடைத்த அறையில் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு அதைத் தெளிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

என் மாணவி ஒருத்தியின் அம்மா இந்தப் பகுதி ஆலையொன்றில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். பினாயிலும் சோப்புத்தூளும் அவர் விரல் இடுக்குகளைப் பிளந்திருக்கின்றன. “ராத்திரி தேங்கா எண்ணெ வச்சுக்குவேன் டீச்சர், காலையில மறுபடி அதே தண்ணிதான்” என்றார். கடுமையான காரம் தோல் இருக்கையைக் கெடுக்கும் என்று கார் கையேடு எச்சரிக்கிறது. அவர் கைக்கு அப்படி ஒரு கையேடு இல்லை.

யாருடைய தோலைச் சட்டம் காக்கிறது என்பதற்கு 2015 ஒரு சாட்சி. ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. அருகில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடுக்குள் மூழ்கி இறந்தார்கள். அதே ஆண்டு மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், உடலில் படும் தோல் பொருட்களில் ஆறிணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதி சரியானது. வாங்குகிறவரின் தோல் அரிக்கக் கூடாது. செய்கிறவரின் தோலை எந்த மில்லிகிராமில் அளப்பது?

பேணுதல் பெண்களின் இயல்பு என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்குள் அதைச் சம்பளமில்லாத வேலை ஆக்கினார்கள். வெளியே அதே வேலையை மலிவாக்கினார்கள். இருக்கையைப் பேண விலைப்பட்டியல் போட முடிகிற ஊரில், பேணும் கைக்குக் கையுறையும் முகக்கவசமும் நிரந்தர வேலையும் கேட்பது பேராசை ஆகாது. பதம் பார்க்கத் தெரிந்த கைகள் இனி விலையும் சொல்லட்டும்.