புதுப் படகும் பழைய கடனும்

தண்ணீரில் இறங்கிய அன்றே படகு பழையதாகி விடுகிறது. பட்டறையில் நின்றபோது அதற்கிருந்த விலை, முதன்முறை கடலுக்குச் சென்று மீண்ட மறுநாள் அதற்கில்லை. பலகையில் ஒரு கீறலும் விழுந்திராது. எஞ்சின் ஒரு பழுதும் கண்டிராது. ஆயினும் விற்க முனைபவனுக்குக் கொடுத்த விலை திரும்பக் கிடைப்பதில்லை. செல்வர் வீட்டு உல்லாசப் படகுக்கு இது சிறியதொரு நட்டக் கணக்கு. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும், மட்டக்குளியிலும், கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் கடன்பட்டுப் படகு வாங்கிய தொழிலாளிக்கோ இது வாழ்க்கைக் கணக்கு. இந்த நட்டம் எங்கே பிறக்கிறது, யார் தலையில் வந்து விடிகிறது என்பதையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

ஆற்றில் கண்ட பாடம்

களனியின் படகு வரலாறு கடலில் மட்டும் தொடங்குவதன்று. ஓலைக்கூரை வேய்ந்த தட்டையான சரக்குப் படகுகள் நெடுங்காலம் இவ்வாற்றில் ஓடின. சிங்கள மக்கள் இத்தகைய படகை ‘பாருவ’ என்றனர். ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால்களும், ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டிய ஹமில்டன் வாய்க்காலும் களனியை நீர்கொழும்போடு இணைத்தன. அக்காலத்தில் ஒரு நல்ல சரக்குப் படகு தந்தைக்குப் பின் மைந்தனுக்குச் சோறு போடும் சொத்து.

அப்படகுகளின் மதிப்பைக் குலைத்தது நீரன்று, இரும்புப் பாதை. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் சென்றது. 1902இல் களனிப் பள்ளத்தாக்குப் பாதை அவிசாவளையை அடைந்தது. 1909இல் நீர்கொழும்புக்கும் புகையிரதம் ஓடியது. ஓடமும் ஒருநாள் வண்டியிலேறும் என்பார்கள். இங்கே ஓடத்தின் சரக்கெல்லாம் வண்டியிலேறிற்று. நேற்றுக் கட்டிய படகும் முப்பதாண்டு உழைத்த படகும் ஒரே நாளில் ஒன்றுபோல மலிந்தன.

‘மூலதனம்’ நூலின் முதற்பாகம் வெளிவந்ததும் அதே 1867இல்தான். இயந்திரம் இருவகையாகத் தேய்கிறதென்று மார்க்ஸ் அதில் விளக்கினார். உழைப்பாலும், உழைப்பின்றிக் கிடப்பதாலும் அதன் உடல் தேய்வது ஒருவகை. அதேபோன்ற இயந்திரம் மலிவாகச் செய்யப்படும்போதோ, அதைவிடச் சிறந்தது போட்டிக்கு வரும்போதோ, உடல் புதிதாயிருக்கையிலேயே அதன் மதிப்புத் தேய்வது மற்றொரு வகை. களனிப் படகோட்டி அந்நூலைக் கண்டதில்லை. ஆனால் அதன் உண்மையைத் தன் படகின் விலையில் அவன் கண்டான்.

அதே ஆற்றில் வேறொரு பாடமும் உண்டு. 1822இல் கிராண்ட்பாஸில் படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை பரப்பி ஒரு பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியாப் பாலம் எழும்வரை, 73 ஆண்டுகள், கொழும்பின் வண்டியும் மக்களும் அந்தப் படகுப் பாலத்தின் மீதே கடந்தார்கள். அந்தப் படகுகளும் உளுத்தன, வெள்ளத்தில் அடிபட்டன. ஆனால் அவற்றின் தேய்மானம் எந்த ஒரு குடும்பத்தையும் தெருவில் நிறுத்தவில்லை. கடந்து சென்ற ஆயிரமாயிரம் பேர் செலுத்திய சுங்கத்தில் அது கரைந்தது. தேய்மானம் எங்கும் உண்டு. அதைச் சுமக்கும் தோள்கள் எத்தனை என்பதே கேள்வி.

1958உம் அதன் பின்னும்

மேற்குக் கரையின் மீனவர் பழங்காலந்தொட்டுத் தெப்பத்தையும் ‘ஓரு’ என்னும் புறந்தாங்கி ஓடத்தையும் நம்பி வாழ்ந்தவர். தெப்பத்தில் ஒரு மரம் உளுத்தால் அந்த ஒன்றைக் கழற்றி வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம். ஓருவின் கட்டுகள் தென்னங் கயிறு; அறுந்தால் கரையில் திரித்த கயிறே போதும். ஊர்த் தச்சனுக்குத் தெரியாத உறுப்பு அக்கலங்களில் எதுவுமில்லை. ஆகவே அவற்றின் மதிப்பு மெல்லத் தேய்ந்தது. தச்சனின் கையும் ஊரின் கவனிப்பும் இருந்தால் ஒரு மரக்கலம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’ சான்று. அங்கே கட்டப்பட்டு ஊர்ச் சரக்கேற்றிய அப்பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

அந்தப் பழமைக்கே திரும்புவோம் என்று நாம் கூறவில்லை. பாயையும் துடுப்பையும் நம்பியவன் காற்றுக்கு அடிமை. அவன் வலையில் விழுந்ததும் சொற்பமே. சுதந்திர இலங்கை இயந்திரப் படகை நாடியது சரியே. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா கலங்களும் முகத்துவாரத்திற் குளிர்சாலையும் தந்து உதவியது. 1958 முதல் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அரசாங்கம் வாடகைக் கொள்வனவு முறையில் மீனவருக்கு வழங்கத் தொடங்கியது. 1964இல் கடற்றொழில் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நைலோன் வலையும் எஞ்சினும் சேர்ந்து மீன்பிடியைப் பெருக்கின என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தப் படகின் மதிப்பு எதில் இருந்தது? பாதி மதிப்பு எஞ்சினில், எஞ்சின் வெளிநாட்டில். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்தபோது, உதிரிப்பாகம் ஒன்றில்லாமல் படகு மாதக்கணக்கில் கரையில் கிடப்பதென்பது நடக்கக்கூடியதாயிற்று. கடலில் உழைக்கும் படகைவிடக் கரையில் கிடக்கும் படகே விரைவிற் கெடும் என்பது கடலோரச் சிறுவனும் அறிந்தது. தவணைகள் பெருமளவில் தவறின. ‘மீனவனுக்குக் கடன் அடைக்கும் பழக்கமில்லை’ என்று அலுவலகங்கள் முணுமுணுத்தன.

இக்குற்றச்சாட்டை ஓர் எளிய கணக்கால் சோதிப்போம். படகின் விலையை நூறு என்று வைத்துக்கொள்க. ஐந்தாண்டில் ஆண்டுக்கு இருபதாக அடைக்க வேண்டும். முதலாண்டுத் தவணை ஒழுங்காக அடைந்தது. இரண்டாமாண்டின் தொடக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கடன் இன்னும் எண்பது. எஞ்சின் ஓடாத படகைச் சந்தையில் நாற்பதுக்கும் கேட்பாரில்லை. படகை விற்றாலும் மீதிக்கடன் அவனை விடாது. படகின் மதிப்பு ஓடுகிற வேகத்தில் கடன் ஓடுவதில்லை. இந்த இடைவெளியிலேதான் முதலாளி நுழைகிறார். முற்பணம் தருகிறார், பதிலாகப் பிடித்த மீன் அவர் சொன்ன விலைக்கு அவருக்கே என்று கட்டுகிறார். இது பழக்கத்தின் குற்றமா, கணக்கின் குற்றமா?

முதல்நாள் வீழ்ச்சி

இனிப் புதுப் படகு முதல்நாளே ஏன் இவ்வளவு மலிகிறது என்பதைக் காண்போம். காரணம் மூன்று.

ஒன்று: புதுப் படகின் விலையில் மரமும் இரும்பும் உழைப்பும் மட்டுமில்லை, இறக்குமதியாளர் இலாபம், தீர்வை, தரகு எல்லாம் அடங்கியுள்ளன. இரண்டாவதாக வாங்குபவன் படகுக்குப் பணம் தருவானேயன்றி இவற்றுக்குத் தரமாட்டான். இரண்டு: நல்ல படகை இவன் ஏன் விற்கிறான் என்ற ஐயம். மூன்றாவதே முக்கியமானது. கடன் திட்டங்கள் புதுப் படகையே நாடுகின்றன. பழைய படகை வாங்குபவன் கைக்காசு வைத்திருக்க வேண்டும். கடற்கரையில் கைக்காசு வைத்திருப்பவர் எத்தனை பேர்? விற்பவர் பலராய், வாங்குபவர் ஒருசிலராய் இருக்கையில் விலையை அந்த ஒருசிலரே வகுப்பர். ஆகவே முதல்நாள் வீழ்ச்சி இயற்கையின் விதியன்று. கடன் முறை உண்டாக்கிய வீழ்ச்சி.

பெரிய கம்பெனி இந்த வீழ்ச்சியைத் தேய்மானம் என்ற பெயரில் செலவுக் கணக்கில் எழுதி, வரியிலும் சலுகை பெறுகிறது. மீனவனிடம் அந்தக் கணக்குப் புத்தகம் இல்லை. அவன் வீட்டுத் தேய்மானம் பிள்ளையின் பள்ளிப் படிப்பிலும் மனைவியின் தாலிக்கொடியிலும் எழுதப்படுகிறது.

கண்ணாடி இழையின் காலம்

மரத்துக்குப் பின் கண்ணாடி இழைப் படகு வந்தது. யாழ்ப்பாணத்து அந்தோனி இராசேந்திரம் 1956இல் நோர்வே சென்று, அந்நாட்டு மக்களின் உதவியைத் திரட்டி, 1967இல் காரைநகரில் ‘சீ-நோர்’ நிறுவனத்தை எழுப்பினார். படகு கட்டுவதையும் வலை பின்னுவதையும் உள்ளூர்க் கைகளுக்குப் பழக்கிய அம்முயற்சி போற்றத்தக்கது. கட்டுபவன் அருகில் இருந்தால் பழுதுபார்ப்பவனும் அருகில் இருப்பான். படகின் மதிப்பும் அவ்வளவுக்கு நிலைக்கும். பின்னாளில் களனி முகத்துவாரத்தை அடுத்த காக்கைத்தீவிலும் அந்நிறுவனத்தின் படகுத்தளம் அமைந்தது. ஆனால் உள்நாட்டுப் போர் வடக்கின் கடலை மூடியது. எஞ்சினின் வலுவுக்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்ட ஆண்டுகளில், புதுப் படகும் வெறும் ஓடாயிற்று.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை, இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றை அழித்தது அல்லது சிதைத்தது. உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. சிறு படகுகள் கரையெங்கும் வழங்கப்பட்டன. சில இடங்களில் முன்பிருந்ததைவிட அதிகமாகவே வந்தன. அவசரத்திற் செய்த பல படகுகள் கடலுக்குத் தகுதியற்றவை என்று வல்லுநர் எச்சரித்தனர். இலவசமாய் வந்த படகுக்கும் மதிப்புத் தேய்வு உண்டு. படகு பெருகியதால் படகின் விலை சரிந்தது. பங்குபோடுபவர் பெருகியதால் மீனின் பங்கு குறைந்தது. மரப்படகு செத்தாலும் பலகையும் ஆணியும் விலைபோகும். கண்ணாடி இழை ஓடு செத்தால் விறகுக்கும் ஆகாது.

அண்மைய ஆண்டுகள் இந்தக் கதைக்கு மேலும் ஏடுகளைச் சேர்த்துள்ளன. 2012இல் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்துச் சிலாபத்தில் போராடிய மீனவரில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இன் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. 2016இல் அது நீங்கும்வரை பலநாட் படகுகளின் வருவாய் சுருங்கியது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்தபோது, இக்கரையோரத்தில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. 2022 ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. சிறு படகுகளின் எஞ்சின்கள் அந்த மண்ணெண்ணெயிலேதான் ஓடுகின்றன. பிரசெல்சில் ஒரு முடிவு, கப்பற் கம்பெனியின் ஒரு பெட்டகம், விலைக் கட்டுப்பாட்டில் ஒரு மாற்றம்: இவற்றில் எதுவும் படகின் உடலைத் தொடவில்லை, ஒவ்வொன்றும் படகின் மதிப்பைத் தொட்டது. தவணைத் தேதி மட்டும் அசையவில்லை.

செய்யவேண்டியது

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது. படகு தேய்வதைத் தடுக்க எந்த அரசாலும் முடியாது; அந்தத் தேய்வு தனியொருவன் முதுகில் விழுவதைத் தடுக்க முடியும். படகு வாங்கக் கடன் கொடுப்பதோடு நின்றால் அது பாதிக் கடமை. பழுதுபார்க்கவும் பழைய படகு வாங்கவும் கூட்டுறவுச் சங்கம் கடன் தரவேண்டும். உதிரிப்பாகக் களஞ்சியம் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும். கடல் மூடப்பட்ட நாட்களில் தவணையும் மூடப்படவேண்டும். ஒவ்வொரு பிடியிலும் ஒரு சிறுபங்கு தேய்மான நிதிக்கென ஒதுக்கப்பட்டால், ஒருவன் எஞ்சின் நின்ற நாளில் நூறு பேர் தோள்கொடுப்பர். முகத்துவாரத்தில் தமிழ் பேசுபவனும் சிங்களம் பேசுபவனும் ஒரே விலைக்கு எண்ணெய் வாங்குகின்றனர். ஒரே முதலாளிக்கு மீன் அளக்கின்றனர். இக்கோரிக்கையில் அவர்களைப் பிரிக்க எதுவுமில்லை.

களனியின் படகுப் பாலம் 73 ஆண்டுகள் நின்றது. அதன் படகுகள் உளுக்காதவை என்பதாலன்று. உளுத்தவற்றை மாற்றும் செலவை ஊர் முழுவதும் பகிர்ந்ததால் அது நின்றது.