காய்ச்சலை மறைத்த ஊர்
2020-ல எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இரண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. வாசல்ல தகரம் அடிச்சிருவாங்களோன்னு பயம்.

1897-ல் இதே பயம் புனே மக்களுக்கும் இருந்தது. பிளேக் பரவியதும் பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. அதிகாரி வால்டர் ராண்ட் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள், நோயாளிகளை இழுத்துப்போனார்கள். ஜனங்க என்ன பண்ணாங்க? நோயாளியை ஒளிச்சு வெச்சாங்க. ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள்.

நோயாளியைத் தனியா வைக்கணும்ங்கிற நோக்கம் புரியுது. ஆனா, மரியாதையில்லாம நடத்தினா யார் முன்வந்து சொல்லுவாங்க?

2020-லயும் நம்ம அரசுகள் கையில் எடுத்தது அதே 1897 சட்டம்தான். அதுக்காக நான் மறைச்சது சரின்னு ஆகிடாது. அந்த இரண்டு நாள் என்கூட லிஃப்ட்ல வந்த பாட்டியை இன்னும் நினைச்சுக்கிறேன்.