மின் உந்துபொறித் தாரை அளவீடு

மின் உந்துபொறித் தாரை அளவீடு என்பது, விண்கலங்களின் மின் உந்துபொறிகளிலிருந்து வெளியேறும் அயனித் தாரையின் திசை, வேகம், ஆற்றல், மின்னூட்டம் ஆகியவற்றைக் கருவிகளைக் கொண்டு அளந்தறியும் முறை ஆகும். உந்துபொறியின் திறனை மதிப்பிடவும், அதை விண்கலத்தில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பொருத்துவது என முடிவு செய்யவும் இவ்வளவீடுகள் பயன்படுகின்றன.

பின்னணி

வேதி உந்துபொறிகள் எரிபொருளை எரித்து வெப்ப வளிமத்தை வெளியேற்றுகின்றன. மின் உந்துபொறிகளோ செனான் போன்ற வளிமத்தை அயனிகளாக்கி, மின்புலத்தால் முடுக்கி வெளியே தள்ளுகின்றன. பின்னர் ஓர் எதிர்மின்வாய் எலக்ட்ரான்களை உமிழ்ந்து தாரையை நடுநிலையாக்குகிறது. 300 வோல்ட்டு மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட ஒற்றை மின்னூட்டச் செனான் அயனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21 கி.மீ. ஆகும். வேதி உந்துபொறிகளில் இவ்வேகம் பொதுவாக நொடிக்கு 3 கி.மீ. அளவிலேயே உள்ளது.

உந்துவிசை மிகச் சிறியது. ரஷ்யாவின் எஸ்.பி.டி.-100 என்னும் ஹால் விளைவு உந்துபொறி, 1.35 கிலோவாட் மின்திறனில் ஏறத்தாழ 83 மில்லிநியூட்டன் விசையைத் தருகிறது. மேசைமீதுள்ள சில தாள்களின் எடைக்குச் சமமான இவ்விசை, ஆயிரக்கணக்கான மணி நேரம் தொடர்ந்து செயற்படுவதே இதன் வலிமை.

அளவீட்டின் தேவை

புவிநிலைச் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையைச் சூரியனும் நிலவும் வடக்கு-தெற்காகச் சாய்க்கின்றன. இதைத் திருத்த ஆண்டுக்கு ஏறத்தாழ நொடிக்கு 50 மீட்டர் திசைவேக மாற்றம் தேவை. 15 ஆண்டுகளுக்கு இது 750 மீட்டர் ஆகிறது. இதற்காக வேதி உந்துகையில் செயற்கைக்கோளின் நிறையில் ஏறத்தாழ 22 விழுக்காடு செலவாகும். நொடிக்கு 15 கி.மீ. பயனுறு வெளியேற்ற வேகம் கொண்ட மின் உந்துகையில் 5 விழுக்காடே போதும்.

ஆனால் இச்செயற்கைக்கோள்களின் சூரியத் தகடுகளும் வடக்கு-தெற்குத் திசையிலேயே விரிந்துள்ளன. தாரை நேராக அத்திசையில் சென்றால், அதன் அயனிகள் தகடுகளின் மேற்பரப்பை அரித்துவிடும். எனவே உந்துபொறி சாய்த்துப் பொருத்தப்படுகிறது. 45 பாகை சாய்த்தால் விசையில் 29 விழுக்காடு பயனின்றிப் போகிறது. மேற்கண்ட 5 விழுக்காடு ஏறத்தாழ 7 விழுக்காடாக உயர்கிறது. சாய்வு குறைந்தால் தகடுகள் பழுதாகும். கூடினால் செனான் வீணாகும். இந்தக் கோணத்தை முடிவு செய்வதற்குத் தாரை எவ்வளவு விரிகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அளவிடும் கருவிகள்

* பாரடே ஆய்வி: சிறிய உலோக வட்டு ஒன்று தாரைக்குள் வைக்கப்படுகிறது. எலக்ட்ரான்களை விலக்க அதற்கு எதிர் மின்னழுத்தம் தரப்படுகிறது. வந்து விழும் அயனிகள் மின்னோட்டமாக அளக்கப்படுகின்றன. வட்டின் விளிம்பில் மின்புலம் சிதறாதிருக்க, அதே மின்னழுத்தத்தில் காப்பு வளையம் ஒன்று சூழ்ந்திருக்கும். உந்துபொறியை மையமாகக் கொண்ட அரைவட்டத்தில் ஆய்வியை நகர்த்தினால் தாரையின் விரிவு தெரியவரும். ஹால் உந்துபொறிகளில் 90 விழுக்காடு மின்னோட்டம் பொதுவாக 30 முதல் 45 பாகை வரையிலான அரைக்கோணத்துள் அடங்குகிறது.
* தடுப்பு மின்னழுத்தப் பகுப்பி: அடுத்தடுத்துள்ள வலைகளின் வழியே அயனிகள் செல்கின்றன. ஒரு வலையின் நேர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும்போது, ஆற்றல் குறைந்த அயனிகள் முதலில் தடுக்கப்படுகின்றன. மின்னோட்டம் குறையும் வீதத்திலிருந்து ஆற்றல் பரவல் கிடைக்கிறது.
* மின்-காந்தப்புல வடிகட்டி: மேற்கண்ட பகுப்பியால் ஒற்றை, இரட்டை மின்னூட்ட அயனிகளைப் பிரித்தறிய இயலாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மின்புலமும் காந்தப்புலமும் கொண்ட இவ்வடிகட்டி, குறிப்பிட்ட வேகமுள்ள அயனிகளை மட்டும் நேராகச் செல்ல விடுகிறது. 300 வோல்ட்டில் இரட்டை மின்னூட்ட அயனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. என்பதால் அது தனியே தெரிகிறது.
* லாங்மியூர் ஆய்வி: மெல்லிய கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை மாற்றி, எலக்ட்ரான் வெப்பநிலையும் பிளாஸ்மா அடர்த்தியும் அளக்கப்படுகின்றன.
* படிக நுண்தராசு: குவார்ட்சுப் படிகத்தின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, மேற்பரப்பில் படியும் அல்லது அரிக்கப்படும் பொருளின் அளவு கணிக்கப்படுகிறது.

வெற்றிடக் கலத்தின் குறைபாடுகள்

புவியில் இவ்வளவீடுகள் வெற்றிடக் கலங்களில் நிகழ்த்தப்படுகின்றன. எவ்வளவு சிறந்த ஏற்றிகளைப் பயன்படுத்தினாலும் உந்துபொறி உமிழும் செனானில் ஒரு பகுதி கலத்திலேயே தங்கிவிடுகிறது. விரைந்து செல்லும் அயனி, மெதுவாக அலையும் அணுவிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்வதுண்டு. இது மின்னூட்டப் பரிமாற்றம் எனப்படும். விரைந்த அயனி அணுவாக மாறி அளவீட்டிலிருந்து தப்பிவிடுகிறது. மெதுவான அணு அயனியாகிப் பக்கவாட்டில் விலகுகிறது.

கலத்தின் அழுத்தம் 1.3 மில்லிபாசுக்கல் எனக் கொண்டால், ஒரு மீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அயனிகள் இவ்வாறு மாறக்கூடும். ஆகவே கலத்தில் தாரை உண்மையைவிட அதிகமாக விரிந்ததுபோல் தோன்றும். மேலும், கலச் சுவரிலிருந்து பெயர்ந்த துகள்கள் கருவிகளின்மீது படிவதால் நுண்தராசின் அளவும் பிறழும். இதைக் குறைக்கச் சுவர்களுக்குக் காரீயகத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. பல அழுத்தங்களில் அளந்து, சுழி அழுத்தத்தில் வரக்கூடிய மதிப்பைக் கணிப்பது வழக்கமான திருத்தமுறை ஆகும்.

விண்வெளியில் அளவீடு

மேற்கண்ட ஐயங்களைத் தீர்க்கும் வழி, கருவிகளை விண்கலத்திலேயே அனுப்புவதாகும். 1998 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் அயனி உந்துபொறியின் சூழலை அளக்கும் உணரிகள் இருந்தன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்மார்ட்-1, 2003 செப்டம்பர் 27 அன்று ஏவப்பட்டு, ஹால் உந்துபொறியின் துணையால் நிலவைச் சென்றடைந்தது. தடுப்பு மின்னழுத்தப் பகுப்பி, லாங்மியூர் ஆய்வி, நுண்தராசு ஆகியவற்றை அது சுமந்து சென்றது. அதன் உந்துபொறி ஏறத்தாழ 5000 மணி நேரம் இயங்கியது. ஆயினும் கலத்தில் பொருத்திய உணரிகள், தாம் இருக்கும் இடத்திற்கு வந்துசேரும் துகள்களை மட்டுமே அளக்கும். தாரையின் குறுக்கே நகர்ந்து அளக்க அவற்றால் இயலாது. எனவே நில அளவீடும் விண் அளவீடும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

இந்தியாவில்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) திரவ உந்துகை அமைப்புகள் மையம் ஹால் வகை உந்துபொறிகளை உருவாக்கி வருகிறது. இவை நிலைப் பிளாஸ்மா உந்துபொறிகள் என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றைச் சுமந்த ஜிசாட்-4 செயற்கைக்கோள், 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி3 ஏவூர்தி தோல்வியுற்றதால் இழக்கப்பட்டது. இதனால் நிலத்தில் பெற்ற முடிவுகளைச் சுற்றுப்பாதையில் சரிபார்க்கும் வாய்ப்பு தள்ளிப்போனது. 2017 மே 5 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-9, மின் உந்துகை அமைப்புடன் சுற்றுப்பாதையை அடைந்தது.

2024 சனவரி 1 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி58 ஏவூர்தியின் நான்காம் நிலையில், பெங்களூருவின் பெல்லாட்ரிக்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் உருவாக்கிய ஹால் உந்துபொறிக்கான எதிர்மின்வாய் இடம்பெற்றது. 2025 மார்ச்சில், 300 மில்லிநியூட்டன் உந்துபொறியின் 1000 மணி நேர ஆயுட்சோதனை நிறைவடைந்ததாக இஸ்ரோ அறிவித்தது. விண்வெளிச் சூழலை ஒத்த கலத்தில், 5.4 கிலோவாட் மின்திறனில் நடைபெற்ற இச்சோதனையின்போது மின்வாய்ப் பூச்சின் தேய்மானமும் அவ்வப்போது கண்காணிக்கப்பட்டது. உந்துபொறிக்குள் தேயும் பொருள் தாரையுடன் வெளியேறி விண்கலத்தின்மீது படியக்கூடும் என்பதால், ஆயுட்சோதனையும் தாரை அளவீடும் நெருங்கிய தொடர்புடையவை.