கேட்ட முகவரியிலிருந்தே பதில்

செல்லூரில் ஒருவர் கைப்பேசியில் தட்டும் இணையதளப் பெயரை எண் முகவரியாக்கித் தருவது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை. அந்த முறையில் பதில் சொல்லும், பெர்க்லியில் பிறந்த பைண்ட் மென்பொருள், சர்வரின் ஒவ்வொரு முகவரிக்கும் சாக்கெட் என்னும் தனித் தொடர்பு முனையைத் திறந்து கேள்விகளுக்குக் காத்திருக்கிறது. இது வீண் வேலையல்ல, நம்பகத்தின் அடிப்படை. எல்லா முகவரிகளுக்கும் பொதுவான ஒரே சாக்கெட்டில் யூடிபி கேள்வியை வாங்கினால், பதில் எந்த முகவரியிலிருந்து போகும் என்பதை இயங்குதளம் தீர்மானித்துவிடலாம். வேறு முகவரியிலிருந்து வரும் பதிலை, கேள்வி அனுப்பிய கணினி ஏற்காது. அதனால்தான் 1997இல் ஆர்எஃப்சி 2181 என்ற இணைய நெறி ஆவணம், கேள்வி வந்த முகவரியிலிருந்தே பதில் போக வேண்டும் என்று விதித்தது.

பாக்கெட் எந்த முகவரிக்கு வந்தது என்பதை இன்றைய லினக்ஸே சொல்லிவிடும்போது, எந்தெந்த முகவரிகளில் காத்திருப்பது என்று பைண்டுக்குச் சொல்லும் முகவரிப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பட்டியல், எந்த வாசலில் பதில் சொல்வது என்ற எல்லையையும் வகுக்கிறது. 2005இல் சென்னைக்கு வந்த எஃப் ரூட் சர்வரின் கிளையைப் போல, ஒரே முகவரியைப் பல ஊர்கள் பகிரும் எனிகாஸ்ட் அமைப்பில் சேவை முகவரியும் நிர்வாக முகவரியும் பிரிந்தே இருக்க வேண்டும். அந்தப் பிரிவினையைக் காப்பது கவனமாக எழுதிய இந்தப் பட்டியல்தான்.