அத்தை படுக்கவைத்த இரவு: அடம் குறித்த 1959ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றின் மறுவாசிப்பு

அடம்பிடிக்கும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடம் தானே அடங்கும் என்னும் அறிவுரைக்கு நடத்தையியலார் காட்டும் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று, சி. டி. வில்லியம்ஸ் 1959இல் அமெரிக்க உளவியல் இதழொன்றில் வெளியிட்ட மிகச் சுருக்கமான பதிவு. ஏறத்தாழ 21 மாத ஆண் குழந்தை படுக்கைநேரத்தில் அடம்பிடித்தது. பெரியவர்கள் அறைக்குத் திரும்பாமல் இருந்தார்கள். பத்தாம் முறையில் அழுகை இல்லை. பாடநூல்கள் எடுத்தாள்வது பெரும்பாலும் இவ்வளவுதான். இதன்மேல் வளர்ந்த ஆய்வுமரபு, தம்பி தங்கை பிறப்பு, வீடு மாறுதல், பெற்றோர் பிரிதல் போன்ற காலங்களில் வரும் அடத்துக்கும் இதே விதியை நீட்டித்துவிட்டது. அந்த நீட்சிக்குப் பதிவில் இடமில்லை என்பது என் வாதம். பதிவின் நடுவே வரும் ஒரு நிகழ்ச்சி அதற்கு எதிர்ச்சாட்சியாகவே நிற்கிறது என்றும் கருதுகிறேன்.

பதிவை அதன் வரிசையிலேயே படிக்க வேண்டும். குழந்தை முதல் 18 மாதம் கடும் நோயால் தனிக் கவனிப்பில் வளர்ந்தது. உடல் தேறிய பிறகும் அதே கவனிப்பைக் கேட்டது. பெற்றோரும் அத்தையும் முறைவைத்துப் படுக்கவைத்தார்கள். யாரானாலும் அது தூங்கும்வரை அரைமணி முதல் இரண்டு மணிநேரம் அருகில் இருந்தாக வேண்டும். அவர்கள் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே, கீழே வைக்கும்வரை அழும். உடல்நிலை பற்றி மருத்துவர் உறுதி தந்த பிறகே புதிய முறை தொடங்கியது. அவசரமில்லாமல் கொஞ்சிப் பேசிப் படுக்கவைத்து, வெளியே வந்து, கதவைச் சாத்திவிடுவது. முதல் முறை 45 நிமிட அழுகை. இரண்டாம் முறை ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய அழுகையின் களைப்பு காரணமாகலாம் என்கிறார் வில்லியம்ஸ். பத்தாம் முறை குழந்தை புன்னகையோடு வழியனுப்பியது.

ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அத்தை படுக்கவைத்தபோது குழந்தை மறுபடி கத்தியது. அத்தை திரும்பிவந்து, அது தூங்கும்வரை இருந்தார். பழைய அடம் முழுதாக மீண்டது. கதவடைப்பு முறையை இரண்டாம் தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பிற்கால வாசிப்பு இந்த நிகழ்ச்சியில் ஒரு பாடத்தை மட்டுமே கண்டது: அத்தை இளகினார், அடத்துக்கு வலுவூட்டினார், பட்டபாடு வீணாயிற்று. குடும்பத்தில் ஒருவர் இளகினாலும் கெடும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைக்கு வேர் இங்கே இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சியின் முன்பின்னைக் கவனித்தால் இந்த வாசிப்பு பாதிதான் நிற்கும். குழந்தை முதலில் கத்தியது. அத்தை பிறகுதான் திரும்பினார். அதற்குப் பின் வந்த இரவுகளை வலுவூட்டலால் விளக்கலாம். அந்த முதல் கத்தலை விளக்க முடியாது.

வில்லியம்ஸ் இதை உணர்ந்திருந்தார். அடங்கிய நடத்தை தானாக மீண்டும் தலைகாட்டும் என்ற ஆய்வுக்கூட விதியைத் துணைக்கழைத்து, அதையும் ‘அநேகமாக’ என்ற தயக்கத்தோடுதான் எழுதினார். பின்வந்தவர்கள் விதியை எடுத்துக்கொண்டு தயக்கத்தை விட்டுவிட்டார்கள். அந்த விதி பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைவிட எளிய காரணம் ஒன்று கண்முன் இருக்கிறது: அன்று கதவைச் சாத்தியவர் வேறு ஆளாக இருந்திருக்கலாம். பதிவின் வரைபடத்தில் நிமிடங்கள் உண்டு. எந்த இரவு யார் படுக்கவைத்தார் என்பது இல்லை. அழுகையின் நேரத்தை அளந்தவர்கள் பிரிந்துசெல்லும் ஆளைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒன்றரை ஆண்டு நோயில் கிடந்து, மூன்று பெரியவர்களின் கைகளில் மாறிமாறி வளர்ந்த குழந்தைக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை என்று எதைக்கொண்டு முடிவுசெய்வது?

அளவுகோலிலும் சிக்கல் இருக்கிறது. 2003இல் பொடேகல், டேவிட்சன் இருவரும் 335 குழந்தைகளின் அடம் பற்றிப் பெற்றோர் எழுதித் தந்த விவரணைகளைப் பகுத்தபோது, அடத்துக்குள் சினமும் துயரமும் பின்னிக் கிடப்பதைக் கண்டார்கள். உதைப்பது, அடிப்பது, வீறிடுவது சினத்தின் பக்கம். அழுவது, சிணுங்குவது, ஆறுதல் தேடி வருவது துயரத்தின் பக்கம். சினம் பெரும்பாலும் தொடக்கத்தில் ஏறி இறங்குகிறது. துயரம் கடைசிவரை ஓடுகிறது. வில்லியம்ஸின் நிமிடக் கணக்கில் இரண்டும் ஒரே கோடாகிவிடுகின்றன. வேண்டியது கிடைக்காத சினம் கவனிப்பார் இல்லாமல் தணியலாம். துயரத்தோடு ஆளைத் தேடும் குழந்தைக்கு ஆளே வராதபோது அழுகை நின்றால், அது ஆறிவிட்டது என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குடும்ப மாற்றத்தின் நடுவே இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதை ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் இணையர் 1969இல் வெளியிட்ட ஆவணப்படம் காட்டுகிறது. ஜான் என்ற 17 மாதக் குழந்தை, தாய் இரண்டாம் பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாளும் தங்குகாப்பகம் ஒன்றில் விடப்பட்டான். செவிலியர் முறைமாறி வந்துபோனார்கள். அவனுக்கென்று ஒருவர் இல்லை. முதலில் ஒவ்வொருவரிடமும் ஒட்டப் பார்த்தான். பிறகு அழுதான், உணவை மறுத்தான், பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். தாய் அழைத்துப்போக வந்தபோது வீறிட்டுத் திமிறினான். அமைதியான நேரங்களை மட்டும் எண்ணியிருந்தால் காப்பகத்தில் ஜான் பழகிவருகிறான் என்று எழுத நேர்ந்திருக்கும். அவனுடைய சினம் முழு வேகத்தோடு வெளிப்பட்டது, யாரிடம் அவனுக்கு உரிமை இருந்ததோ அவரிடம்தான். அந்தத் திமிறலைத் தாயை வெறுத்ததன் அடையாளமாக நான் வாசிக்கவில்லை. தாயிடம் முறையிட இன்னும் முடியும் என்ற நம்பிக்கை அதில் எஞ்சியிருக்கிறது. அந்தத் தாய் அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதி சொன்னாலும் அதை ஏற்க என் மனம் ஒப்பாது.

ஜான் ஒரே குழந்தை என்பார்கள். வில்லியம்ஸின் குழந்தையும் ஒன்றே. மெல்போர்னில் நடந்து 2012இல் வெளியான ஐந்தாண்டுத் தொடராய்வு, சிசுக்களின் தூக்கப் பயிற்சியால் நெடுங்காலத் தீங்கு இல்லை என்று காட்டியதே என்ற மறுப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கே பெற்றோர் இடைவெளிவிட்டு உள்ளே வந்து தேற்றினார்கள், அல்லது அறையிலேயே இருந்து மெல்ல விலகினார்கள். அந்த முடிவைக் கொண்டு வில்லியம்ஸின் சாத்திய கதவைக் காப்பாற்ற முடியாது. ‘கேட்டதெல்லாம் கொடுக்கச் சொல்கிறீர்களா’ என்பது வாதத்தைப் படிக்காதவர்களின் கேள்வி. கேட்ட பொருளை மறுப்பது வேறு, ஆளை மறுப்பது வேறு.

பதிவிலிருந்து மீட்க வேண்டியது, எல்லாரும் தாண்டிப்போன அந்த முன்பகுதியை: அவசரமில்லாத கொஞ்சல், தெரிந்த நேரம், தெரிந்த அறை, தேறிய உடல். கதவடைப்பு இவற்றின்மேல் நின்றது. தம்பி பிறந்த வீட்டில் முதலில் பறிபோவது இவையே. கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களைத் தொடர்ந்து 1982இல் நூலாக்கிய டன், கென்ட்ரிக் இருவரும், இரண்டாம் குழந்தை வந்தபின் தாய்க்கும் மூத்த குழந்தைக்கும் இடையே மோதல் கூடுவதையும், மூத்ததோடு தாய் விளையாடும் நேரம் குறைவதையும் பதிவுசெய்தார்கள். ஏற்கெனவே கவனிப்பு குறைந்துபோன குழந்தையிடமிருந்து மீதியையும் விலக்கிக்கொள்வதைச் சிகிச்சை என்று அழைப்பது எனக்குப் புரியவில்லை.

மாற்று வழி வெறும் ஊகமன்று. ராபர்ட்சன் இணையர், ஜானைப் போலவே தாயின் பேறுகாலத்தில் பிரிய நேர்ந்த நான்கு குழந்தைகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகினார்கள், வீட்டு வழக்கங்களைக் கேட்டறிந்து பின்பற்றினார்கள், தாயைப் பற்றிப் பேசினார்கள். துயரமும் சினமும் இருந்தன; அவற்றை ஏற்றுத் தாங்க ஒரே ஆள் அருகில் இருந்தார். அக்குழந்தைகளிடம் ஜானின் நிலை காணப்படவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு இது கடினம் என்பதை அறிவேன். அவளிடம் அடத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்வதைவிட, அந்த நேரத்தில் மூத்ததன் அருகில் தினமும் ஒரே ஆள், தகப்பனோ பாட்டியோ, உட்கார ஏற்பாடு செய்யச் சொல்லலாம். மருத்துவமனைகளில் பெற்றோரிடம் தரப்படும் நடத்தைப் பதிவுத்தாளில், எத்தனை நிமிடம் அழுதது என்பதன் பக்கத்தில் இரண்டு பத்திகள் கூடுதலாக வேண்டும்: அப்போது யார் விலகிப் போனார், யார் வந்ததும் ஆறியது.