பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி

பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி என்பது, பாலிடெக்னிக் (பலவகைத் தொழில்நுட்ப) கல்லூரிகளின் விரிவுரையாளர்கள், துறைத்தலைவர்கள், முதல்வர்கள், பணிமனை மற்றும் அலுவலகப் பணியாளர்கள் ஆகியோருக்கு, கல்லூரியை வழிநடத்தும் திறன்களைக் கற்பிக்கும் பணியிடைப் பயிற்சி ஆகும். இக்கட்டுரை இந்தியாவில் இப்பயிற்சி நடைபெறும் விதத்தை விளக்குகிறது.

தேவை

பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியராவதற்குக் கல்வியியல் பட்டம் (பி.எட்.) தேவை. பாலிடெக்னிக்கில் பொறியியல் விரிவுரையாளராவதற்குப் பொறியியல் பட்டமே அடிப்படைத் தகுதியாகும். எனவே கற்பித்தலையோ நிருவாகத்தையோ முறையாகப் பயிலாத ஒருவர், பின்னாளில் துறைத்தலைவராகவும் முதல்வராகவும் உயர்கிறார். கால அட்டவணை, கருவிகள் கொள்முதல், தணிக்கை, மாணவர் ஒழுங்கு, தொழிலகத் தொடர்பு ஆகியன அவரது பொறுப்பாகின்றன. இயந்திரங்களை அறிந்தவர் மனிதர்களையும் நிருவகிக்க வேண்டியிருப்பதே இப்பயிற்சியின் அடிப்படைக் காரணமாகும்.

பயிற்சி நிறுவனங்கள்

இந்திய அரசு 1960களில் சென்னை, கொல்கத்தா, போபால், சண்டிகர் ஆகிய நான்கு நகரங்களில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை அமைத்தது. சென்னை தரமணியிலுள்ள நிறுவனம் 1964இல் தொடங்கப்பட்டது. இவை 2003இல் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. பன்னாட்டளவில், கொழும்புத் திட்ட நாடுகள் 1973இல் நிறுவிய பணியாளர் கல்லூரி இத்தகைய பயிற்சியை அளிக்கிறது. சிங்கப்பூரில் தொடங்கிய இக்கல்லூரி, பின்னர் பிலிப்பீன்சின் மணிலா பகுதிக்கு இடம்பெயர்ந்தது. இந்தியாவும் இலங்கையும் இதன் உறுப்பு நாடுகள்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் புதிய ஆசிரியர்களுக்கென வகுத்த 8 பிரிவுகள் கொண்ட இணையவழிப் பயிற்சியிலும் நிறுவன மேலாண்மை ஒரு பிரிவாக இடம்பெற்றது.

பயிற்சி முறைகள்

- நிகழ்வாய்வு: ஒரு கல்லூரியில் எழுந்த சிக்கலை விவரித்து, தீர்வுகளை விவாதித்தல்.
- பாத்திரமேற்றல்: இரு ஆசிரியர்களுக்கிடையேயான பிணக்கை நடித்துக்காட்டி, பேசித் தீர்க்கப் பழகுதல்.
- கோப்புப் பயிற்சி: ஒரு நாளில் முதல்வரின் மேசைக்கு வரும் கடிதங்களைக் குறித்த நேரத்துக்குள் பிரித்து, எவற்றைத் தாமே கவனிப்பது, எவற்றைப் பிறரிடம் ஒப்படைப்பது என முடிவெடுத்தல்.
- செயல்திட்டம்: பங்கேற்பாளர் தம் கல்லூரியில் செய்யவிருக்கும் ஒரு மாற்றத்தை எழுதி எடுத்துச் செல்லுதல்.

வரம்புகள்

திறன் வளர்வதால் மட்டும் அதிகாரம் வளர்வதில்லை. தமிழ்நாட்டில் அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. முதல்வர் தம் பணியாளரைத் தாமே தேர்ந்தெடுக்கவோ, சிறப்பாகப் பணியாற்றுபவருக்கு ஊதியத்தை உயர்த்தவோ இயலாது. ஆகவே வேலையை நியாயமாகப் பகிர்தல், செவிமடுத்தல், பாராட்டுதல் ஆகியவையே அவர் கையிலுள்ள கருவிகளாகும். பயிற்சி பெற்ற ஒருவர் மாற்றலாகிச் சென்றால், அவர் தொடங்கிய செயல்திட்டம் நின்றுவிடக்கூடும். ஒரே கல்லூரியிலிருந்து பணிமனைப் பணியாளர் உள்ளிட்ட பலர் பயிற்சி பெறுவது இக்குறையைத் தணிக்கும்.