ஐஸ்பழம் உறைய எட்டு மணித்தியாலம்

ஐஸ்பழத்தில் பழம் இல்லை. பள்ளிக்கூட வாசலில், சைக்கிளில் கட்டிய பெட்டிக்குள்ளிருந்து வந்த அந்தச் சிவப்பு, பச்சை, ஒரேஞ்ச் தடிகளில் இருந்தது சீனித் தண்ணியும் சாயமும்தான். தமிழ்நாட்டில் இதைக் குச்சி ஐஸ் என்கிறார்கள். நேர்மையான பெயர். இலங்கையில் எங்கட ஆக்கள் மட்டும் கொஞ்சம் தாராளமாக அதைப் பழமாக்கிவிட்டார்கள்.

இந்தத் தாராளம் எங்களோடு நிற்கவில்லை. சிங்களத்தில் பழத்துக்குப் பொதுவான சொல் 'பலதுரு'. ஆனால் வெள்ளவத்தைச் சந்தியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிங்களப் பிள்ளை தாயிடம் கேட்பது 'ஐஸ் பலம்'. கடைசியில் நிற்கும் அந்த 'ம்' யாருடையது என்று கண்டுபிடிக்க மொழியியல் பட்டம் தேவையில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் வந்தது. கந்தோர்களிலிருந்து தமிழ் வெளியேற்றப்பட்ட அந்தக் காலத்திலும் பிள்ளைகளின் வாயில் இந்த ஒரு சொல் கரைந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு சொல்லின் கதை வேறு. 83 ஜூலைக் கலவரம் பற்றிய பதிவுகளில் அது திரும்பத் திரும்ப வரும். தெருவில் ஆட்களை மறித்த காடையர் ஒரு வாளியைக் காட்டி, சிங்களத்தில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். விடை 'பால்திய'. தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்டவே முடியாத அந்த முதல் ஒலி தமிழர் வாயில் பிசகி 'வால்திய' ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. உயிர் பிழைப்பது ஓர் எழுத்தில் தங்கியிருந்தது. அந்தச் சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த இரவல் என்பதுதான் கொடுமை. ஐஸ்பழத்தின் பெயரைக் கேட்டிருந்தால் எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஐஸ்பழம் செய்யிறதுக்கும் வரலாறோ எண்டு நீங்கள் கேட்கலாம். செய்முறை கடைசியில் இருக்கிறது, அவசரக்காரர் அங்கே போகலாம். எங்களுக்கு முதலில் கேட்கவேண்டியிருந்த கேள்வி வேறு. இந்த வெக்கையான ஊரில் குளிர் யாரிடம் இருந்தது?

நெடுங்காலம் அது அரசர்களிடம் இருந்தது. அக்பரின் அரண்மனை பற்றி 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அபுல் ஃபசல் எழுதிய 'ஆயினி அக்பரி'யில், வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் குடிநீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக் குளிராக்கிய விதம் சொல்லப்பட்டிருக்கிறது. துவக்குக்கு மருந்தாகிற அதே வெடியுப்பு. அது கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். லாகூரில் அரசவை இருந்த காலத்தில் மலைகளிலிருந்து பனிக்கட்டியும் கொண்டுவந்தார்கள். குல்ஃபி வளர்ந்தது இப்படிப்பட்ட அடுக்களைகளில்தான்.

பிறகு குளிர் கப்பலில் வந்தது. பொஸ்டனில் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி குளத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து உலகமெல்லாம் விற்றான். 1833இல் அவனுடைய கப்பல் ஒன்று 180 தொன் ஏற்றி நாலு மாதம் ஓடிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 தொன் மிஞ்சியிருந்தது. 1842இல் மதராஸ் கடற்கரையில் அவன் கட்டிய பனிக்கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் கொழும்பில் வந்திறங்கிப் பிறகு மதராஸ் போன விவேகானந்தர் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். அமெரிக்கக் குளத்துத் தண்ணீர் வெள்ளைக்காரத் துரைகளின் கிளாசில் மிதக்க, அதே கடற்கரையில் மீன் அழுகிக்கொண்டிருந்தது.

கொழும்பில் திருப்பம் 1866. அந்த ஆண்டு கொழும்பு ஐஸ் கொம்பனி தொடங்கியது. கொம்பனித்தெருவின் கிளெனி வீதியில் ஐஸ் உற்பத்தி செய்தார்கள். பின்னாளில் அதுவே சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆனது. எங்களுக்குத் தெரிந்த பெயர் எலிபன்ட் ஹவுஸ். ஐஸ் இனிக் கடல் கடந்து வரத் தேவையில்லை, காசு இருந்தால் போதும். கிளெனி வீதி இப்போது நீதியரசர் அக்பர் மாவத்தை. ஐஸ்கிறீம் உற்பத்தி 2018இல் அவிசாவளைப் பக்கம் சீதாவக்கைக்குப் போய்விட்டது. அங்கேயுள்ள புதுத் தொழிற்சாலைக்குப் பழைய பெயரையே தூசு தட்டிக் கொழும்பு ஐஸ் கொம்பனி என்று வைத்திருக்கிறார்கள்.

தடி எப்போது வந்தது? உலகம் சொல்லும் கதையில் 1905, கலிபோர்னியா, 11 வயது ஃபிராங்க் எப்பர்சன். சோடாத்தூள் கரைத்த கிளாசைக் கலக்கிய குச்சியோடு இரவு வெளியில் விட்டுவிட்டான், காலையில் உறைந்திருந்தது. 1924இல் காப்புரிமை எடுத்தான். நல்ல கதைதான். எங்கட ஊரில் ஒரு கிளாசை இரவு முழுக்க வெளியில் விட்டால் எறும்புதான் வரும்.

ஐஸ் மலிந்தவுடன் ஐஸ்பழம் ஏழைப் பிள்ளைகளின் சாமானாகியது. பால் சேர்ந்தது, ஐஸ்கிறீம், மேசை போட்ட கடைகளுக்குள் இருந்தது. பால் இல்லாதது சைக்கிளில் மணியடித்து வந்தது. இந்தப் பிரிவு முக்கியம். வீட்டில் பால் விட்டு ஐஸ்பழம் செய்கிறோம் என்றால் இந்த இரண்டையும் ஒன்றாக்குகிறோம் என்று அர்த்தம். அதற்கு வீட்டுக்குள் ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும். 1977க்கு முன்பு, இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், அது வசதியான வீடுகளின் ஆடம்பரம். 77இல் திறந்த பொருளாதாரம் வந்தபிறகு நடுத்தரக் குடும்பங்களின் குசினிக்குள்ளும் ஃபிரிட்ஜ் நுழையத் தொடங்கியது. பலருடைய வீட்டில் அது முன்னறையில், பின்னல் விரிப்புப் போட்டு, மேலே பூச்சாடி வைத்து நின்றது.

ஆறே வருடம். 1983 ஜூலை 24 இரவு பொரளை கனத்தையில் தொடங்கிய தீ அடுத்த நாள் வெள்ளவத்தைக்கும் வந்தது. காடையர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீடு தமிழருடையது என்று தெரிந்தே வந்தார்கள். எரிக்க முதல் எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு அகதி முகாமுக்கும் பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறைக்கும் போனவர்களுக்கு, ஃபிரிட்ஜ் என்பது திரும்பிவந்து பார்க்கையில் சுவரில் மிஞ்சியிருந்த ஒரு நீள்சதுர அடையாளம்.

வடக்கிலோ 1990இல் குளிரே நின்றுபோனது. ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. அது திரும்ப இணைய 20 வருடத்துக்கு மேல் பிடித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் பார்த்துப் பார்த்து எரித்த ஊரில் ஐஸ்பழத்தை யார் உறையவைப்பது? 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்த பிள்ளைகளில் சிலர் தங்கள் முதலாவது ஐஸ்பழத்தைத் தின்றது வெள்ளவத்தையில்தான், பத்து வயதில்.

வந்தவர்கள் எல்லாருக்கும் வீடு கிடைக்கவில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் ஓர் அறைக்குள் முழுக் குடும்பமும் இருந்தது. வெளிநாட்டு விசாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலைக்கு என்று காத்திருந்தவர்கள். பொலிஸ் பதிவு, நள்ளிரவுக் கதவுத் தட்டல். 2007 ஜூன் 7 அதிகாலையில் இந்த லொட்ஜுகளிலிருந்து 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சாமான் கட்ட அரை மணித்தியாலம்கூட இல்லாதவர்களின் வாழ்க்கையில் எட்டு மணித்தியாலம் உறையவேண்டிய பண்டத்துக்கு இடம் ஏது?

இங்கேதான் பாலின் விஞ்ஞானம் வருகிறது. தண்ணீர் உறையும்போது பளிங்குகள் உருவாகும். அவை பெரிதானால் நாக்கில் மணல் மாதிரி நெருடும், சிறிதாக இருந்தால் வழுவழுவென்று கரையும். கொழுப்பும் சீனியும் பாலின் திண்மங்களும் பளிங்குகளுக்கு நடுவில் நின்று அவற்றை வளரவிடாமல் தடுக்கும். அதோடு, குளிர் இடையில் அறக்கூடாது. பாதி உருகி மறுபடி உறைந்தால் சின்னப் பளிங்குகள் அழிந்து பெரியவை இன்னும் பெருக்கும். மின்வெட்டு வந்துபோன ஐஸ்பழத்தை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். க்றீம் மாதிரி வழுவழுப்பான ஐஸ்பழம் என்றால், அந்த வீட்டில் ஓர் இரவு முழுக்க எதுவும் குலையவில்லை என்று பொருள்.

இது 2022இல் கொழும்பு முழுவதுக்கும், எல்லா மொழிக்காரருக்கும் விளங்கியது. மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பக்கற்றின் விலை 540இலிருந்து 790 ரூபாவுக்கு ஏறியது. அதே மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. ஃபிரிட்ஜ் வெறும் அலுமாரியாக நின்றது. 90களில் வடக்கில் வளர்ந்த பெரியவர்கள் மட்டும் அவ்வளவு பதறவில்லை. 'இதையெல்லாம் பார்த்தாச்சு' எண்டு சொல்லிக்கொண்டு சிமினி விளக்கைத் துடைத்தார்கள்.

சரி, இப்போது செய்வோம். பழம் கறுத்தக்கொழும்பான். யாழ்ப்பாணத்தில் விளைந்து, பெயரில் கொழும்பைச் சுமந்து, வெள்ளவத்தைச் சந்தையில் யானை விலைக்கு விற்கும் மாம்பழம். இரண்டு பெரிய பழத்தின் சதையை நார் இல்லாமல் அரைத்தெடுங்கள். முதற்பால், கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு கப். டின்பால் அரைக் கப். பாதித் தேசிக்காயின் புளி, ஒரு சிட்டிகை உப்பு. பச்சைப் பாலும் பால்மாக் கரைசலும் வேண்டாம், அவற்றில் தண்ணீர் கூட. கலவை வாயில் வைக்கும்போது கொஞ்சம் திகட்ட வேண்டும், உறைந்தபின் இனிப்புக் குறைந்துதான் தெரியும். விலை கட்டாதவர்கள் வாழைப்பழத்தில் செய்யலாம், இன்னும் வழுவழுப்பாக வரும். அன்னாசி என்றால் முதலில் சீனியோடு ஒருக்காக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் பாலைக் கசக்கப் பண்ணும்.

அச்சு வாங்கத் தேவையில்லை, கழுவி வைத்த யோகட் கப்புகள் போதும். முழுக்க நிரப்பாமல் விரற்கடை இடம் விடுங்கள், உறையும்போது பொங்கும். ஃபிரீசரின் ஆக அடியில், சுவரோடு ஒட்டி வையுங்கள். விரைவாக உறைந்தால்தான் பளிங்கு சிறிதாகும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இறுகத் தொடங்கியதும் தடியைக் குத்துங்கள், நேராக நிற்கும். பிறகு கதவைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது, வீட்டில் சின்னாக்கள் இருந்தால் இதுதான் ஆகக் கஷ்டமான கட்டம். இரவு ஒன்பதுக்கு வைத்தால் காலையில் கப்பைப் பத்துச் செக்கன் தண்ணீரில் பிடித்து இழுக்கலாம். வைக்க முதல் மின்சார சபையின் அறிவித்தலையும் ஒருக்காப் பாருங்கோ.